அதான் இன்னொண்ணு இருக்கே!

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. அவர்களுக்கு எதுவுமே ஒன்று இருந்தால் போதாது, ரெண்டு வேண்டும். குடை வாங்கப் போனால் ரெண்டு குடையோடு வருவார்கள். கேட்டால், "ஒண்ணு போச்சுன்னா?" என்று கண்ணை உருட்டுவார்கள். இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு மனைவி, மேலதிகாரி, கடைக்காரர் என்று ஒருவர் விடாமல் கலங்க அடித்துவிடுவார்கள். இவர்களுக்கு 'மாற்று ஏற்பாட்டு மகான்கள்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்ததே இல்லையா? கொஞ்சம் பொறுங்கள், ஒருவரை அழைத்து வருகிறேன்.

நம் மகான் தண்ணீர் பம்பு விற்றுப் பழுதும் பார்க்கிற ஒரு கம்பெனியின் கிளை ஆபீஸில் கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர். பதினோரு பேர் வேலை பார்க்கிற சின்ன ஆபீஸ். அங்கே அவருக்குப் பெயர் 'ஸ்பேர் சார்'. முகத்துக்கு நேராகவே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். ஏதோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொள்வார்.

வீட்டிலும் இதே கதைதான். ரெண்டு குடையில் ரெண்டுமே ஆபீஸில் கிடக்கும், மழை வீட்டுப் பக்கம் பெய்யும். வீட்டுச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்து பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். பீரோ எங்கே இருக்கிறது என்கிறீர்களா? வீட்டுக்குள்தான். சமையல் கேஸுக்கும் ரெண்டு சிலிண்டர். அதைப் பற்றி அவர் மனைவிக்கும் அவருக்கும் அடிக்கடி நடக்கும் உரையாடல் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும்.

"ஏங்க, ரெண்டாவது சிலிண்டர் மாட்டி இருபது நாளாச்சு. தீந்துபோனதுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா?"

"அடுப்பு எரியுதா?"

"எரியுது."

"அப்புறம் என்ன? அதான் இன்னொண்ணு இருக்கே!"

"எரியிறதே அந்த இன்னொண்ணுதாங்க" என்பார் அந்த அம்மா. அதற்குள் மகான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

இப்படிப்பட்டவர் ஆபீஸுக்கு ஒரே ஒரு நெட் லைன் என்றால் சும்மா இருப்பாரா? தெருவிலிருந்து கம்பி வழியாக வருகிற அந்த ஒற்றை லைனைப் பார்க்கும்போதெல்லாம் "ஒண்ணு போச்சுன்னா?" என்று முணுமுணுப்பார். இன்னொரு லைன் கேட்டுத் தலைமை ஆபீஸுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். ஒன்று, ரெண்டு அல்ல, பதினாலு கடிதம். 'இருக்கிற லைன் நன்றாகத்தானே வேலை செய்கிறது?' என்று அங்கிருந்து பதில் வந்தது. 'நன்றாக இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு ஐயா. போன பிறகு இந்தக் கடிதத்தை எதன் வழியாக அனுப்புவது?' என்று இவர் ஒரு போடு போட்டார். தலைமை ஆபீஸ் வாயை மூடிக்கொண்டு பணிந்தது.

வந்தது ஒரு சின்ன டப்பா. உள்ளே ஒரு சிம் கார்டு. கம்பி லைன் செத்தால் டப்பா தானாகவே முழித்துக்கொண்டு, செல்போன் கோபுரத்திலிருந்து நெட்டை இழுத்துக் கொடுக்கும். கம்பி திரும்பி வந்தால் தானாகவே அடங்கிவிடும். அவசரத்துக்குத்தானே என்று, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கிற ஆகச் சின்ன டேட்டா பேக் ஒன்றை அந்த சிம்முக்கு அவரே பார்த்துப் போட்டார்.

மாட்டிய அன்று மற்ற பத்து பேரையும் சுற்றி நிற்க வைத்தார். தொண்டையைக் கனைத்தார். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கம்பியைப் பிடுங்கினார். மேனேஜர் மேடத்துக்கு மூச்சே நின்றுவிட்டது.

"நெட் வருதா பாரும்மா!"

"வருது சார்!" என்றார் புகார் டெஸ்க் அக்கா. பம்பு ஓடவில்லை என்று போன் செய்கிறவர்களின் புகாரையெல்லாம் நாள் முழுக்கப் பதிவு செய்வது அவர்தான்.

கைதட்டல். மகான் கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "இனிமே லைன் போனா ஒரு ஈ காக்காய்க்குக் கூடத் தெரியாது!"

எவ்வளவு சத்தியமான வார்த்தை, பாருங்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலையில் டப்பா கீக் கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. கூடவே ஒரு சிவப்பு விளக்கு முழித்து முழித்துப் பார்த்தது. புகார் டெஸ்க் அக்காவின் தலைக்கு மேலேதான் அந்த டப்பா.

"சார், அது என்னமோ சொல்லுது சார்."

"அது என்னத்தைச் சொல்லும்? உங்களுக்கு நெட் வருதா?"

"வருது."

"எனக்கும் வருது. அப்புறம் அதுக்கு என்ன கேடு? புது டப்பா, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்."

ஸ்டூலைப் போட்டு ஏறினார். கத்துவதை நிறுத்தினார். விளக்கு அப்போதும் அடங்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, விளக்கின் மேல் அழகாக ஒட்டினார். அவரல்லவா, ஒட்டிய டேப்பின் மேல் இன்னொரு துண்டும் ஒட்டினார்.

"எதுக்கும் லைன்காரங்களுக்கு ஒரு போன் பண்ணிடலாமா சார்?" என்று அக்கா இழுத்தார்.

"எதுக்கும்மா? அதான் இன்னொண்ணு இருக்கே!"

நாலு மாதம் ஓடியது. நெட் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது; புகார் எண், பம்பு எண் இவற்றை அனுப்ப அது போதாதா? ஆபீஸ் நிம்மதியாக இருந்தது. எல்லோரையும் விட நிம்மதியாக இருந்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

அப்போதுதான் தலைமை ஆபீஸிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. பக்கத்து டவுனிலும் நமக்கு ஒரு கிளை இருக்கிறது, ரெண்டு எதற்கு, ஒன்றை மூடிவிடலாமா என்று பெரிய டைரக்டருக்கு ஒரு யோசனை. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோவில் வருவார். இந்தக் கிளை ஏன் இருக்க வேண்டும் என்று அவருக்குப் புரிய வைக்க வேண்டும். பதினோரு பேருக்கும் முகம் செத்துவிட்டது. பக்கத்து டவுனுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். புகார் டெஸ்க் அக்காவின் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூப்பிட்டு வருவது? ஓய்வு பெற ரெண்டே வருஷம் இருக்கிற மெக்கானிக் ஐயா, வலிக்கிற முட்டியோடு தினமும் மூன்று மணி நேரம் எப்படி உட்கார்ந்து போய் வருவார்?

மேனேஜர் மேடம் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். எழுதும்போதே ஒரு விஷயம் பளிச்சென்று கண்ணில் பட்டது. பக்கத்து டவுன் கிளையில் வாரத்துக்கு ஒருமுறை நெட் படுத்துவிடும். இங்கே?

"சார், நம்ம பெரிய பலமே உங்க லைன்தான். கடைசில நீங்களே ரெண்டு வார்த்தை பேசிடுங்க" என்றார்.

மகான் அன்று தரையில் நடக்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் மூன்று தடவை சொன்னார். மறுநாள் வந்ததும், "ஒத்திகை பாக்காம இறங்கக்கூடாது" என்று ஆரம்பித்தார். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வீடியோ ஒத்திகை. இந்த அறையில் மேடம், அந்த அறையில் டைரக்டர் வேஷத்தில் இவர். "ஹலோ, கேக்குதா?" "கேக்குது சார்." "தெரியுதா?" "தெரியுது சார்." "ரொம்பத் தெளிவா இருக்கு, எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுவோம்!" மாதம் முழுக்க அளந்து செலவழிக்க வேண்டியதை மூன்று நாளில் வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம், ஒருவருக்கும் தெரியாது.

வியாழன். பதினோரு மணி. திரையில் பெரிய டைரக்டர் வந்தார். மேடம் பிரமாதமாகப் பேசினார். மெக்கானிக் ஐயா கூட புதுச் சட்டையில் வந்து ஒரு வணக்கம் வைத்தார். டைரக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முகத்தில் சின்னச் சிரிப்பு கூட எட்டிப் பார்த்தது. அக்கா மேஜைக்கு அடியில் விரல்களைப் பின்னிக்கொண்டார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா கிளைன்னா லைன் நம்பிக்கையா இருக்கணும். அங்க எப்படி?"

மேடம் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். ஸ்பேர் சார் வந்து உட்கார்ந்து, காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"சார், நம்ம லைன் போகவே போகாது சார். அப்படியே போனாலும், அதான் இன்னொண்ணு இரு—"

திரை உறைந்தது.

உறைந்த திரையில் டைரக்டர் பாதிச் சிரிப்போடு நின்றார். தலைமை ஆபீஸ் திரையில் நம் மகான் வாயைப் பிளந்தபடி நின்றாராம். அங்கே யாரோ அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

மகான் ஓடினார். ஸ்டூல், டப்பா, டேப்பு. முதல் துண்டைப் பிய்த்தார். ரெண்டாவதையும் பிய்த்தார். சிவப்பு விளக்கு அன்று பார்த்தபடியே இன்றும் பார்த்துக்கொண்டிருந்தது. லைன் கம்பெனிக்கு போன் போட்டார்.

"சார், உங்க கம்பி நாலு மாசத்துக்கு முன்னாடியே கட் ஆயிடுச்சே சார். தெருவுல தண்ணிக் குழாய்க்குக் குழி வெட்டும்போது போச்சு. அந்தத் தெருவுல எல்லாரும் கம்ப்ளெயின்ட் குடுத்தாங்க, அன்னைக்கே சரி பண்ணிட்டோம். நீங்க மட்டும் குடுக்கவே இல்லையே! ஆபீஸை காலி பண்ணிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சோம்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாலு மாதமாக ஓடியதே அந்த இன்னொண்ணுதான்; அதன் சின்ன பேக்கைத்தான் மூன்று நாள் ஒத்திகை தின்று தீர்த்திருக்கிறது. காதில் மனைவியின் குரல் கேட்டது. ஸ்டூலை விட்டு இறங்கவே அவருக்குத் தோன்றவில்லை.

மேனேஜர் மேடம் அதற்குள் மேஜை போனை எடுத்து டைரக்டரைப் பிடித்துவிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். மன்னிப்புக் கேட்டார். இது முதல் தடவை என்றார். எப்போதும் இப்படி ஆகாது என்றார். டைரக்டர் நல்ல மனிதர். பொறுமையாகக் கடைசி வரை கேட்டார். கோபப்படவே இல்லை.

"பரவாயில்லம்மா, கவலைப்படாதீங்க. யாருக்கும் வேலை போகாது. பக்கத்து டவுன்லதான் இன்னொண்ணு இருக்கே!"

போன் வைக்கிற சத்தம் கேட்டது. மெக்கானிக் ஐயா முட்டியைத் தடவிக்கொண்டார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பஸ் நேரத்தைக் கணக்குப் போட்டார். பிறகு பத்து பேரும் ஸ்டூலை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை, உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது.

இந்த மகானைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நீங்கள் அந்த ரகமே இல்லை. உங்கள் வீட்டில் எல்லாம் சரியாகத்தான் எரிகிறது, சரியாகத்தான் ஓடுகிறது. போகிற போக்கில் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள்: இப்போது எரிவது முதலாவதா, ரெண்டாவதா? டேப்பை எங்கே ஒட்டியிருக்கிறீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?