ஆவி வராத மாளிகை

தேவாலயத்துப் பங்கு மண்டப வாசலில் பேணாட் ஒட்டியிருந்த விளம்பரத்தை இரண்டாம் தரமும் வாசித்துவிட்டு, அருள்மலர் தலையில் கை வைத்தாள்.

"'அருமையான பேய்ப்படம்' எண்டு எழுதியிருக்கிறியள். எங்கடை ஊரிலை பேய்க்கதை எண்டா விசர்க்கதை, பைத்தியக்காரக் கதை. பேய்ப்படம் எண்டா விசர்ப்படம் எண்டெல்லே சனம் நினைக்கும்?"

"பேய்ப்படத்தைப் பேய்ப்படம் எண்டு சொல்லாமல் வேறை என்னெண்டு சொல்லுறது?"

"அதிலை பேய் வாறதே இல்லையே!"

"அதுதானப்பா அதின்ரை அருமை!"

இந்தச் சண்டைக்கு அவர்களுடைய கல்யாணத்தின் வயது. திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, பென்சனோடு இளைப்பாறிய பேணாட்டுக்கு உலகத்தில் ஒரே ஒரு படம்தான் படம். பெயர் 'உப்பளத்து மாளிகை'. கறுப்பு வெள்ளை. பனிமூட்டத்துக்குள் இடிந்த மாளிகை, மெழுகுதிரியோடு படியேறும் ஒரு கைம்பெண், காற்றே இல்லாமல் அசையும் திரைச்சீலை. பேய் வரப்போகிறது, வரப்போகிறது என்ற நடுக்கத்திலேயே படம் முடிந்துவிடும். இங்கேயே எடுத்து, இரண்டு நாள்கூட ஓடாமல், எல்லாரும் மறந்துபோன படம். ஊர்த் தியேட்டரில் உக்கிக்கொண்டு கிடந்த ஒரே பிரதியைத் தேடிப்பிடித்து டிஸ்க்கில் பதிந்து வைத்திருந்தார்.

தான் கண்மூடுவதற்குள் இன்னொரு மனிசராவது அதைக் கடைசிவரை பார்த்து 'நல்ல படம்' என்று சொல்லவேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது. அருள்மலரோ ஒவ்வொரு முறையும் கைம்பெண் படியேறத் தொடங்கும்போதே நித்திரையாகிவிடுவாள். அதில் அவருக்கு உண்மையாகவே மனவருத்தம்.

இருந்தாலும் மனைவி சொன்னதில் நியாயம் பட்டது. பழைய தாளைக் கிழித்துவிட்டு மரியாதையான சொல்லாகப் பார்த்து எழுதினார்: 'இன்று மாலை மண்டபத்தில் ஆவி. அனைவரும் வருக.'

மாலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. பேணாட்டின் கண் கலங்கியது. பிறகுதான் சனத்தின் கைகளில் வேதாகமமும் செபமாலையும் இருப்பதைக் கண்டார். பெண்கள் முக்காடு போட்டிருந்தார்கள். நடக்க ஏலாத ஒரு மனிசனைக் கதிரையோடு தூக்கிவந்து முன்னுக்கு வைத்திருந்தார்கள்.

"பரிசுத்த ஆவியின்ரை செபக்கூட்டம் எண்டு வந்திருக்குதுகள்," அருள்மலர் காதுக்குள் சொன்னாள். "எழும்பி உண்மையைச் சொல்லுங்கோ."

பேணாட் எழும்பினார். படம் என்று சொன்னால் சனம் போய்விடும். பொய் சொன்னால் பாவம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேடினார்.

"ஆவியைக் கண்ணாலை காண ஏலாது. ஆனா இருக்குது எண்டு இண்டைக்கு உங்களுக்கு விளங்கும்."

"ஆமென்!" என்றது மண்டபம்.

இனி என்ன சொல்லித் திருத்துவது? வேர்த்து விறுவிறுக்கப் படத்தைப் போட்டார்.

மெழுகுதிரி படியேறியது. ஒருவரும் இருமவில்லை. திரைச்சீலை அசைந்தபோது முன்வரிசை முழந்தாளில் நின்றது. துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது, அதுவும் படத்துக்குள்ளேயே ஊதியதுபோல் இருந்தது. கைம்பெண் இருட்டைப் பார்த்து "வந்துவிட்டீர்களா?" என்று கேட்டபோது பின்னால் விம்மல் கேட்டது. பேணாட்டும் அழுதார்.

படம் முடிந்தது. பிறகு செபக்குழுத் தலைவி ஜெஸ்மின் வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"படம் எண்டு கண்டவுடனை எனக்குக் கோவம்தான் வந்தது, அண்ணை. ஆனா ஒண்டும் காட்டாமல் எல்லாத்தையும் காட்டிப்போட்டுது. நல்ல படம்."

பேணாட் மனைவியைப் பார்த்தார். பக்கத்தில் அருள்மலர் கண் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் நித்திரை கொள்ளவே இல்லை.

"பேய் வந்திருந்தா எல்லாம் கெட்டுப்போயிருக்கும், என்ன?" என்றாள்.

வாழ்க்கையில் இதற்குமேல் என்ன வேண்டும் என்று பேணாட் திரும்பியபோது, பக்கத்து வீட்டு உம்மு குல்சும் கடைசி வரிசையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். விரிகுடாவுக்கு அக்கரையில், மூதூரில் பிறந்து வளர்ந்தவர். படம் என்று தெரிந்தே வந்த ஒரே ஆள்.

"ஏன் ராத்தா, பிடிக்கேல்லையோ?"

"நல்லம்தான் தம்பி, ஆனா இதில ஒரு றீல் இல்லையே. எங்கட மூதூர்ல காட்டிட்டுத் திருப்பி அனுப்பக்குள்ள லோஞ்சுப் படகிலருந்து கடலுக்க விழுந்திட்டு. அதிலதான் பேய் வந்து, கோமாளியோட சேந்து ரெண்டு பாட்டுக்கு ஆடும்!"