ஹாலுக்கு ஒரு ஸ்பீக்கர்

கள்ளிக்குப்பம் லோகநாதன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டில் நடக்கிற அத்தனை ரோதனைக்கும் காரணம் டி.வி.தான். அதன் ஸ்பீக்கர் செத்துவிட்டது. ஹாலுக்கு நல்ல சவுண்ட் சிஸ்டம் ஒன்று வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

செத்தது எது என்று மனுஷனுக்கு நன்றாகவே தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிய காது அது. வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் மிஷினிலிருந்து இறக்கி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்துவிடுவார்கள். ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருஷம் கிடந்தது. அதுவரைக்கும் எதிராளியின் வாய் அசைவைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை அவர் பெண்டாட்டி அனுசுயா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை. "யோவ்! யோவ்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கதவுக்கு இந்தப் பக்கம், நாலடி தூரத்தில், ஐயா கால்மேல் கால் போட்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம்! கடைசியில் மாடி வீட்டு பார்வதம் ஓடிவந்து தூக்கினாள். ஈரத் தரையில் கிடந்து அனுசுயா அழுதது இடுப்பு வலிக்காக மட்டும் இல்லை.

"டி.வி. சவுண்டு டல்லா கீதேன்னு ஃபுல்லா வெச்சிருந்தேன்மே. அதான் நீ கூப்ட்டது காதுல உழல."

"காது டாக்டராண்ட போலாமா?"

"காதுக்கு இன்னா? ஸ்டெடியா கீது. ஸ்பீக்கரை மாத்து, எல்லாம் சரியாப்பூடும்."

அனுசுயா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும். இவரோ சந்தோஷப்பட்டார். என்னத்தைச் சொல்ல!

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் தினகரன் ஒரு பெரிய செட்டைக் கொண்டுவந்தார், வீட்டிலேயே போட்டுக் காட்ட. தரையில் வைக்க அனுசுயா விடவில்லை. எலி கடிக்குமாம். ஹால் மூலையில் இருந்த வாஷிங் மிஷின் மேல் ஏற்றச் சொன்னாள். அந்த வீட்டில் வாஷிங் மிஷினுக்கு ஹாலை விட்டால் வேறு இடம் கிடையாது.

"போட்டாச்சுய்யா, வந்து கேளு," என்று கையாட்டிக் கூப்பிட்டாள்.

பிரஸ் ஷாப்பில் அந்த இரைச்சலில் யாருக்கு என்ன கேட்கும்? மிஷின் மேல் உள்ளங்கையை வைத்துத்தான் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். லோகநாதன் நேராகப் போய் ஸ்பீக்கர் மேல் ரெண்டு கையையும் வைத்தார். கிடுகிடுவென்று அதிர்ந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாத்தே! பேஸ் இன்னாமா அடிக்குது!"

தினகரன் வாயைத் திறக்கப் போனார். அனுசுயா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

"பாட்டு தெளிவா கேக்குதாய்யா?"

"வார்த்தை வார்த்தையா கேக்குதுமே! பாடுறவன் மூச்சு வுடறதுகூட கேக்குது!"

அனுசுயா கையைத் தூக்கிக் காட்டினாள். கையில் ஸ்பீக்கரின் பிளக் இருந்தது. கீழே வாஷிங் மிஷின் துணி பிழிந்துகொண்டிருந்தது.

லோகநாதன் முகம் தொங்கிப்போயிற்று.

"கம்பெனில தெரிஞ்சா கேட்டாண்ட ஒக்கார வெச்சிருவான்மே," என்றார்.

"ஒக்காரு. இன்னா இப்ப?" அவருக்குப் புரியட்டும் என்று வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னாள். "அன்னிக்கு முக்கால் மணி நேரம் கெடந்தேன்யா. கொஞ்ச நேரத்துல உன்னைக் கூப்டறதை நிறுத்திட்டேன். பார்வதத்தைக் கூப்ட்டேன்."

பாவி மனுஷன் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

கம்பெனியில் விஷயத்தைச் சொன்னதும், பயந்தபடியே அவரைக் கேட்டுக்கு மாற்றினார்கள். ஸ்பீக்கருக்கு வைத்திருந்த பணத்தில் ரெண்டு காதுக்கும் மிஷின் வந்தது. மாட்டிவிட்ட டாக்டரம்மா, சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது, ஒரேயடியாக நிறுத்துவது எல்லாமே செல்போனில் செய்யலாம் என்று விளக்கினார். நிறுத்தலாமா! லோகநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டைப் பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து ஆசையாக நீட்டினார்.

"இதுல வராது சார். உங்க வீட்டம்மா போன்ல ஏத்திக் குடுத்துட்டேன்."