மாடே இல்லை என்று சொல்லிவிட்டேன்

சாமல்பட்டி மாமா கோவிந்தப்பன் அவர்களுக்கு, குருபரப்பள்ளி மைத்துனன் திம்மராயன் கும்பிட்டு எழுதுவது. அக்காவும் நீங்களும் சுகம்தானே? இங்கே என் காய்ச்சல் மிகுந்த சுகத்தோடு இருக்கிறது. போனில் பேசினால் மகள் மணிமேகலை கதவோரம் நின்று கேட்கிறாள், அதனால்தான் கடிதம்.

ரெண்டு மாதமாகச் சாயங்காலமானால் குளிர், விடிந்தால் வியர்வை. டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை, டிபி இல்லை. ஒன்றும் இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானே? ஓசூர் டாக்டர் விடவில்லை. வீட்டில் மாடு உண்டா, பச்சைப் பால் குடிப்பீர்களா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார். காய்ச்சல்காரனிடம் மாட்டை எதற்கு விசாரிக்க வேண்டும்? மாடு கன்று உள்ள காசுக்காரன் என்று தெரிந்தால் பெரிய ஸ்கேனாக எழுதிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? "மாடே இல்லீங்க" என்றேன். அப்படியும் உடம்பு முழுக்க ஸ்கேன் என்று பெங்களூருக்கு எழுதிவிட்டார்.

அங்கே சர்க்கரை மருந்து என்று ஒரு ஊசி போட்டுத் தனி அறையில் படுக்க வைத்து, "மாத்தாடபேடி சாமி, பேசுனா தொண்டையெல்லாம் படத்துல பளிச்சுன்னு தெரியும்" என்றான் டெக்னீசியன். பேசக் கூடாதென்றால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அது என்ன மருந்து, யார் போடச் சொன்னது என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். மிஷினுக்குள் போன பிறகுதான், புற்றுநோயாக இருந்தால் மணிமேகலைக்கு யார் இருக்கிறார்கள் என்று பயந்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் மாமா.

என்னை உயிரோடு வைத்திருப்பது பொங்கலுக்கு நீங்கள் ஓட்டிவிட்ட செவலைப் பசுதான். காலையில் கறந்த சூட்டோடு ஒரு சொம்பு, காய்ச்சாமல். உங்களுக்கும் சாயங்காலம் குளிரெடுக்கிறது, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று அக்கா சொன்னாள். ஆஸ்பத்திரிப் பக்கம் போய்விடாதீர்கள். செவலையின் தாய் உங்களிடம்தானே இருக்கிறது, இன்னொரு சொம்பு சேர்த்துக் குடியுங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. முனியப்பன் நம்மையெல்லாம் டாக்டர்களிடமிருந்து காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
திம்மராயன்

பி.கு: தபாலில் போடுவதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டது. ஸ்கேன் படத்தில் தொண்டை மத்தாப்பு மாதிரி எரிகிறது, அது நான் பேசியதாலாம். கீழ் முதுகெலும்பிலும் ஒரு இடம் எரிகிறது. புற்றுநோய் இல்லையாம். டாக்டர் என்னையே பார்த்து, "ஐயா, நெசமாவே மாடு இல்லியா?" என்றார். மணிமேகலை முந்திக்கொண்டு, "செவலை இருக்குது சார், பச்சப் பால்தான் குடிக்கிறாரு" என்று போட்டு உடைத்துவிட்டாள். உடனே எடுத்த ரத்தப் பரிசோதனையும் அதையே சொல்கிறது, காய்ச்சாத பாலில் வந்த கிருமி. மாத்திரையில் போய்விடுமாம். மாமா, அந்தச் சொம்பைக் கீழே வையுங்கள். யாருக்குத் தெரியக் கூடாதென்று எழுதினேனோ அவள் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவளோடு உடனே கிளம்பி வாருங்கள். டாக்டர் கேட்டால், மாடு உண்டு என்று சொல்லுங்கள்.