மேஜருக்கு முடிவெட்டு

"நாளைக்கு மேஜருக்கு நான் முடி வெட்டுறன்!"

சனிக்கிழமை விடிய, புட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து இவர் இப்படி ஒரு பிரகடனம் செய்தார்.

பயப்பட வேண்டாம். மேஜர் ஒரு குதிரை. ஊரில் மேஜர், கேணல் என்ற சொல் காதில் விழுந்தாலே வேலி பாய்ந்து ஓடிய என் கணவர் பஸ்ரியன், கனடாவுக்கு வந்து ஒரு மேஜருக்குச் சாணி அள்ளுகிறார். கிழமை நாட்களில் பெட்டி மடிக்கிற ஃபக்டறி. சனி ஞாயிறு, மார்க்கம் நகருக்கு வடக்கே ஐரீன் என்ற வெள்ளைக்கார அம்மாவின் குதிரை லாயம்.

மேஜர் படங்களில் வருகிற நெட்டைக் குதிரை இல்லை. கொப் என்று ஒரு சாதி. குட்டை, மொத்தம், பெரிய வயிறு. முழங்காலுக்குக் கீழே நாலு காலிலும் பெல்பொட்டம் போட்டதுபோல் சடை தொங்கும். குளிர் வரமுன் உடம்பு முழுக்கக் கம்பளியாய் மயிர் அடைத்துவிடும். அந்தக் கம்பளியோடு ஓடினால் வேர்க்கும். வேர்வை காயாமல் குளிர் பிடித்துவிடும். அதனால் பனிக்காலத்தில் ஏறி ஓடுகிற குதிரைக்கு நெஞ்சையும் வயிற்றையும் வழித்து, கால் சடையையும் குறைத்துவிட வேண்டுமாம்.

"உங்களுக்கு உது தெரியுமோ?" என்று கேட்டேன்.

"என்ன கேள்வி? கலியாணத்துக்கு முதல், ஒரே அப்பாட்மன்ரிலை பன்னிரண்டு பெடியளுக்கு முடி வெட்டினது ஆர்? ஐரீனிட்டை 'மீ எக்ஸ்பேர்ட்' எண்டு சொல்லிப்போட்டன்."

"அந்தப் பன்னிரண்டு பேரும் பேந்து தொப்பியோடை திரிஞ்சவையாமே?"

"அது குளிருக்கு."

"ஓகஸ்ட்டிலையோ?"

இவர் புட்டை விழுங்கினார். நான் மெல்ல என் விண்ணப்பத்தை வைத்தேன்.

"இஞ்சருங்கோ, நாளைக்கு என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"உது பொம்பிளையள் வாற இடமில்லை. உதைக்கும்."

"ஐரீன் பொம்பிளைதானே?"

"அவ... அவ குதிரைக்காரி."

"நான் மன்னார்க்காரி. றோட்டு முழுக்கக் கழுதை. கழுதையளோடை எனக்கு நல்ல பழக்கம்," என்று இவரைப் பார்த்துத்தான் சொன்னேன். இவருக்கு விளங்கவில்லை.

நான் ஏன் இப்படித் தொங்குகிறேன் என்று கேட்பீர்கள். நாங்கள் அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மன்றில், நிலத்துக்குக் கீழே இருக்கிறோம். ஒரே ஒரு ஜன்னல். அதில் தெரிவது சனங்களின் கால்கள் மட்டும். கோடையில் பரவாயில்லை. சிவப்புச் சப்பாத்துக்காரி ஒருத்தி தினமும் நாலு மணிக்குப் போவாள். எனக்கு அவளைத் தெரியும். அவளுக்கு என்னைத் தெரியாது. நவம்பர் வந்ததும் அவளும் நின்றுவிட்டாள். மகள் ஸ்டெபனிக்கு இரண்டு வயது. "அம்மா", "பால்", "வேண்டாம்" என்ற மூன்று சொல்லுக்குள் எங்கள் சம்பாஷணை முடிந்துவிடும். எங்கள் நம்பர் ஏதோ பீற்சாக் கடை நம்பருக்குக் கிட்டவாம். ஒருநாள் ஒருத்தன் பிழையாய் எடுத்துப் பீற்சா கேட்டான். "கடை இல்லைத் தம்பி, ஆனால் என்ன பீற்சா?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டு, அவனை ஐந்து நிமிஷம் பிடித்து வைத்திருந்தேன். லாயத்துக்குப் போன் எடுத்தாலோ இவர் சீறுவார்: "சும்மாவெல்லாம் எடுக்காதை! வேலை செய்யிற இடம்!"

அன்று பின்னேரம் ஒத்திகை நடந்தது. ஸ்டெபனியின் கரடிப் பொம்மையைக் கதிரையில் இருத்தி, கழுத்தில் துவாய் கட்டி, இவர் முடி வெட்டுகிற மெசினைப் போட்டார். கரடிக்கு நடுமண்டையில் வழுக்கை விழுந்தது. ஸ்டெபனிக்கு நாலாவது சொல் வந்தது: "கள்ளன்!"

ஞாயிறு பத்தரைக்குப் போன் அடித்தது. ராங் நம்பராய் இருக்குமோ என்று ஆவலாய் ஓடினேன். இவர்!

"செலீன்... சும்மாதான் எடுத்தனான்."

"சும்மாவோ? வேலை செய்யிற இடமல்லோ?"

"ஒரு பொது அறிவுக் கேள்வி. உங்கடை கழுதையள் வெருண்டால் என்ன செய்வியள்?"

"முதல்லை எங்கை மெசினை வைச்சனீங்கள்?"

"பின்கழுத்திலை. எல்லாருக்கும் அங்கைதானே துடங்கிறது?"

"ஐயோ, பிடரி மயிர்?"

இவரின் குரல் இறங்கியது: "ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திட்டுது."

"இப்ப எங்கை நிக்கிறியள்?"

"வைக்கோல் பொதிக்கு மேலை."

"மேஜர்?"

"கீழை. என்னைத்தான் பாக்குது. என்ன செய்யிறது, கெதியாச் சொல்லு! ஐரீன் கோயிலாலை பன்னிரண்டரைக்கு வந்திடுவா."

"உது போனிலை சொல்லி விளங்காது. வந்து ஏத்துங்கோ."

எப்படி இறங்கினாரோ, வந்தார். காரில் நிபந்தனை போட்டார். "நீ எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தனி. வெட்டினது நான். விளங்கிச்சோ?"

"ஓம், ஓம்."

எனக்கென்ன? றோட்டோரம் போன சனங்களுக்குத் தலையும் இருந்தது. பார்க்கப் பார்க்க ஆசையாய் இருந்தது.

லாயத்தில் நான் எடுத்த உடனே மெசினைப் போடவில்லை. மேஜரின் தோளில் கையை வைத்துக்கொண்டு கதைத்தேன். மாதக்கணக்காய்ச் சேர்ந்து கிடந்த கதை முழுவதையும் சொன்னேன். சிவப்புச் சப்பாத்துக்காரி, பீற்சாக்காரன், மேல்வீட்டுக்காரர் நடக்கிற சத்தம், எல்லாம். மேஜர் ஒரு காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டது. கட்டின நாளிலிருந்து என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை.

கதை பாதியில், மெசினைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்து இரையவிட்டேன். காது அசைந்தது, கால் அசையவில்லை. மெல்லத் தோளுக்குக் கொண்டு வந்தேன். மயிர் படிந்திருந்த திசைக்கு எதிராய் வழிக்க, நெஞ்சும் வயிறும் பட்டாய் வந்தன. பிறகு சீப்பாலும் கத்தரிக்கோலாலும் ஒரு முன்காலின் சடையைக் குறைத்தேன். இவர் பிள்ளையை மடியில் வைத்து வைக்கோலில் இருந்து, என் புட்டைச் சாப்பிட்டபடி, "உதிலை கொஞ்சம் விட்டிட்டாய்" என்று மேற்பார்வை செய்தார்.

வெளியே கார்ச் சத்தம்.

"தா, தா, மெசினைத் தா!" பிள்ளையை என்னிடம் தள்ளி, மெசினைப் பறித்து, மேஜரின் காதுக்குப் பக்கத்திலேயே இரையவிட்டார். மேஜர் உதைக்கவில்லை. அது மரியாதையான குதிரை. நெற்றியால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். இவர் தண்ணீர்த் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தார்.

வாசலில் ஐரீன்.

"மை வைஃப்... லஞ்ச் பிரிங்," என்றார் இவர், தொட்டிக்குள் இருந்தபடி.

ஐரீன் மேஜரின் வயிற்றைத் தடவிப் பார்த்தா. பிடரியில் கிடந்த ஒற்றையடிப் பாதையைப் பார்த்தா. புருவம்வரை குதிரை மயிர் ஒட்டி நின்ற என்னைப் பார்த்தா. புட்டு மட்டும் ஒட்டியிருந்த இவரின் தாடியைப் பார்த்தா. பிறகு இங்கிலீசில், எனக்கே விளங்குமாறு மெதுவாய் இவரிடம் சொன்னா:

"மிச்சம் மூன்று கால் இருக்கு. மற்ற ஐந்து குதிரையும் இருக்கு. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அவ மெசினைப் பிடிக்கட்டும். லஞ்ச் நீ கொண்டு வா."

அடுத்த ஞாயிறு என்னை லாயத்தில் இறக்கிவிட்டு, சமைக்கவேண்டும் என்று முணுமுணுத்தபடி இவர் பிள்ளையோடு வீட்டுக்குத் திரும்பினார். பதினொரு மணிக்கு லாயத்துப் போன் அடித்தது. ஐரீன் சிரித்துக்கொண்டு என்னிடம் நீட்டினா.

"என்னப்பா?"

"சும்மாதான்..."

"சும்மாவெல்லாம்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"பிள்ளை நித்திரை. ஜன்னலாலை ஒரு காலையும் காணேல்லை, செலீன். இப்ப அந்தப் பீற்சாக்காரன் எடுத்தவன். கொஞ்சம் கதைப்பம் எண்டு பாத்தன். 'நல்லாக் கதைக்கிற அந்த அம்மா இல்லையோ?' எண்டு கேட்டிட்டு வைச்சிட்டான்."