நாலு சக்கரமும் சுத்துது

"அந்தக் குச்சியத் தொடாதீங்க!" என்றாள் நர்கீஸ்.

இஷாக் தொடவில்லை. கியர் கம்பிக்குப் பக்கத்தில் அதன் தம்பியைப் போலக் குட்டையாக நின்ற இரண்டாவது லீவருக்கு மேலே கையைச் சும்மா நீட்டிக்கொண்டிருந்தார். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பவரின் கை போலிருந்தது அது.

ஜீப் திண்டுக்கல்லைத் தாண்டிச் செம்பட்டிச் சாலையில் போய்க்கொண்டிருந்தது.

"மத்தியானம் போறோம்னு சொல்லிட்டுக் காலையிலயே கிளப்பிட்டீங்க. பசியாறக்கூட விடல."

"வழியில ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

இஷாக்கிடம் கேள்வி கேட்டவர்கள் பதில் வருவதற்குள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மனைவி நர்கீஸ் போக முடியாது. பக்கத்து இருக்கையில் இருந்தாள். அவர் கை போன இடத்தைப் பார்த்ததுமே வேலை என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

இஷாக் பிரியாணிக் கடைகளுக்குச் சீரகச் சம்பா போடும் மொத்த வியாபாரி. இந்த ஜீப்பைப் பழசாக வாங்கியபோது, அதனோடு வந்த கையேட்டைத்தான் முதலில் விரும்பினார். அதிலும் நான்கு சக்கர ஓட்டம் பற்றிய பகுதியை. பின்சக்கரங்கள் மட்டும் தள்ளிக்கொண்டிருக்கும் வண்டியில் திடீரென்று முன்சக்கரங்களும் சேர்ந்து இழுத்தால் எப்படி இருக்கும்? உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியுமா? வண்டிக்குத் தெரியுமா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டபின் அவர் மணிக்கணக்கில் யோசிக்கிற விஷயம் இது. ஆனால் அதற்கான அந்தக் குட்டை லீவரை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. பேகம்பூர் வீட்டிலிருந்து அரிசிக் குடோனுக்குப் போக இரண்டு சக்கரமே அதிகம். தவிர, தப்பாகப் போட்டால் என்னென்ன உடையும் என்ற பக்கத்தை அவர் வாங்கிய வாரமே உரக்கப் படித்துக் காட்டி, நர்கீஸின் தூக்கத்தைக் கெடுத்திருந்தார்.

இப்போது வண்டி கைமாறப் போகிறது. நர்கீஸின் முழங்காலுக்கு அந்த உயரம் ஆகவில்லை. வாங்கப்போகிறவர் செம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வேலுசாமி. நேற்று போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாய், எந்தோப்புக்குப் போற வாய்க்கா பாதை ஐப்பசியில சேறாக் கெடக்கும். நிப்பாட்டி நிதானமா ஃபோர் வீல் போட்டா அங்கயே பொதைஞ்சிரும். ஓடிக்கிட்டு இருக்கப்பவே லீவர் விழுமா? அது விழுந்தா வண்டி எனக்கு. இல்லாட்டி வேணாம்."

"நேர்ல வந்து சொல்றேன்" என்றார் இஷாக்.

இறங்குகிற ஒவ்வொரு லோடிலும் ஒரு பிடி அரிசியை வேகவைத்துத் தின்று பார்க்காமல் 'நல்ல அரிசி' என்று அவர் வாய் சொன்னதில்லை. கடைவீதியில் அவருக்கு இருந்த பேரெல்லாம் அந்த ஒரு பிடியால் வந்தது. போட்டே பார்க்காத லீவரை 'விழும்' என்று எப்படிச் சொல்வது?

"விழும்னு சொல்லிர வேண்டியதுதான?" என்றாள் நர்கீஸ். "புஸ்தகத்துல இருக்குல்ல?"

"புஸ்தகத்துல இருக்கு. வண்டியில இருக்கணும்ல?"

நர்கீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு புளியமரங்களை எண்ணுகிறவள் போலப் பார்க்க ஆரம்பித்தாள்.

கையேட்டின் விதிகள் இஷாக்குக்கு மனப்பாடம். சாலை நேராக இருக்க வேண்டும். வேகம் மிதமாக, ஒரே சீராக. ஸ்டியரிங்கைத் திருப்பக்கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மிதித்து, லீவரை ஒரே சீராகத் தள்ள வேண்டும். முரண்டு பிடித்தால் திணிக்கக்கூடாது. காய்ந்த தார்ச்சாலையில் அப்படியே வெகுதூரம் ஓட்டவும் கூடாது.

சாலை நேரானது. இஷாக் காலை எடுத்தார். எதிரே வெள்ளாட்டு மந்தை வந்தது.

மந்தை போனது. மறுபடியும் காலை எடுத்தார். பின்னாலிருந்த டவுன் பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே பக்கத்தில் வந்து, டிரைவர் எட்டிப் பார்த்து, "என்ன பாய், ரோட்டுலயே தூக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது முறை சாலையில் யாரும் இல்லை. நர்கீஸ் மட்டும், "யா அல்லா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். இஷாக் தள்ளினார்.

வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல லீவர் போய் உட்கார்ந்தது. லீவர் விழுந்ததைச் சொல்லும் குட்டி விளக்கு முன்பலகையில் எரிந்தது.

இஷாக் உள்ளங்காலால், முதுகால், ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நர்கீஸ், தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

"என்ன தெரியுது?"

நர்கீஸ் கண்ணைத் திறந்தாள். "ஒரு... தெம்பு. முன்னால யாரோ கையப் பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு. போதும், லீவர எடுத்துருங்க. விழுதுன்னு சொல்லிரலாம்."

இஷாக்கின் மனம் ஆறவில்லை. அவருக்கு எதுவும் தெரியவில்லையே! இத்தனை படித்தவருக்குத் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரிந்தது? நான்கு சக்கரமும் இழுக்கும்போது வளைத்தால் ஸ்டியரிங் விறைக்கும் என்று கையேடு சொல்லியிருந்தது. பக்கத்தில் போன மண்பாதையில் மெல்ல வளைத்துத் திருப்பினார். ஸ்டியரிங் பூப்போலத் திரும்பியது.

"விறைக்கலையே."

"உங்க கைக்குப் பலம் சாஸ்தி" என்றாள் நர்கீஸ் அவசரமாக. "மெயின் ரோட்டுக்குப் போங்க."

போகவில்லை. மண்பாதை ஒரு காய்ந்த ஓடையைக் கடந்து போனது. ஓடை நிறைய வெள்ளை மணல். சந்தேகம் தீர அதைவிட நல்ல இடம் அகப்படாது.

"வேணாங்க! எந்தலை மேல சத்தியமா வேணாம்!"

"ஏம்மா பயப்படுற? நாலு சக்கரம் இழுக்குது. நீயே சொன்னியே."

நர்கீஸ் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஜீப் நடு ஓடைவரை கம்பீரமாகப் போனது. அங்கே பின்பக்கம் லேசாகக் குனிந்தது. இஷாக் ஆக்சிலேட்டரை மிதித்தார். இன்னும் குனிந்தது.

"இறங்கி முன் சக்கரம் சுத்துதான்னு பாரு."

நர்கீஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மணலில் நடந்து முன்னால் போய் நின்றாள். இஷாக் மிதித்தார். பின்னால் மணல் நீரூற்றுப் போல எழும்பியது.

"சுத்துதா?"

நர்கீஸ் சக்கரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "சுத்துது!"

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான்! நாலு சக்கரமும் சுத்துது!"

நான்கும் சுற்றியும் ஏறவில்லை என்றால் மிதிப்பது போதவில்லை என்றுதான் அர்த்தம். இஷாக் நன்றாக மிதித்தார். பின்சக்கரங்கள் பாதிக்கு மேல் மணலுக்குள் போயின.

மணலில் டயர்க் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று கையேட்டில் ஒரு வரி உண்டு. இஷாக் இறங்கி நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். எவ்வளவு என்று அந்த வரி சொல்லியிருந்தது. அளக்கும் கருவிதான் அவரிடம் இல்லை. கொஞ்சம் தாராளமாகவே இறக்கிவிட்டார். ஜீப் அசைபோடும் எருமையைப் போல ஓடைக்குள் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"வேலுசாமிக்குப் போன் போடுறேன்" என்றார் இஷாக். "டிராக்டர் வச்சிருக்காரு."

"வாங்கப்போற மனுசன்கிட்டயா காட்டப்போறீங்க? மெக்கானிக் பொன்னழகக் கூப்பிடுவோம்."

"ரெண்டு பேருமே வரட்டும்."

நர்கீஸ் தன் போனை எடுத்துக்கொண்டு தூரத்து வேலிக்கருவை நிழலுக்குப் போய், கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினாள்.

வேலுசாமிதான் முதலில் வந்தார். டிராக்டரைக் கரையில் நிறுத்திவிட்டு ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்ன பாய், வண்டிய வெதைச்சு வச்சிருக்கீக?"

"போட்டுப் பாத்துட்டு உங்ககிட்டச் சொல்லணும்னு நெனச்சேன்."

"விழுந்துச்சா?"

"ஓடிக்கிட்டு இருக்கப்பவே விழுந்துச்சு."

"அப்ப நாலு சக்கரமும் சுத்துச்சு?"

இஷாக் யோசித்தார். "நான் பாக்கல. என் வீட்டுக்காரி பாத்தா. சுத்துச்சாம்."

வேலுசாமி நர்கீஸைப் பார்த்தார். நர்கீஸ் டிராக்டரைப் பார்த்தாள்.

"பாய், வருத்தப்படாதீக" என்றார் வேலுசாமி. "சுத்தாம நின்னுருந்தாலாவது எதையாச்சும் மாட்டி ரிப்பேர் பண்ணிக்கிரலாம். நாலும் சுத்தியுமா இந்த மணல்ல ஏறல? எஞ்சேத்துக்கு இது தாங்காது. இழுத்துக் கரையில விட்டுட்டுப் போறேன். வேற பேச்சு வேணாம்."

வண்டி விலைபோகாதது இஷாக்குக்குப் பெரிதில்லை. இத்தனை வருடம் எதை நினைத்து நினைத்து ஆச்சரியப்பட்டாரோ அது கடைசியில் இவ்வளவுதானா? தெம்பும் இல்லை, இழுப்பும் இல்லை. கையேடு எழுதியவன் பொய்யனா?

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள் நர்கீஸ்.

"அப்புறம் சொல்லு" என்று சொல்லிவிட்டு, டிராக்டர் சங்கிலியின் நுனியை வாங்கிக்கொண்டு இஷாக் ஜீப்பின் மூக்குக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். இத்தனை வருடத்தில் வண்டியின் அடிவயிற்றை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எதில் கொக்கியை மாட்டுவது என்றே தெரியவில்லை. அங்கிருந்து பார்க்கக் கால்கள் மட்டுமே தெரிந்தன: வேலுசாமியின் வெறுங்கால், நர்கீஸின் செருப்பு. செருப்பு நிலைகொள்ளாமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தது.

ஒரு பைக் வந்து நின்றது. மூன்றாவதாக இரண்டு கால்கள் வந்து சேர்ந்தன. கிரீஸ் படிந்த பேன்ட், பொன்னழகு. கனமான நீள இரும்பு ஒன்று மணலில் தொப்பென்று விழுந்தது.

"ஏன்க்கா," என்றான் பொன்னழகு, மூச்சு வாங்கிக்கொண்டே, "மத்தியானம் கிளம்புறோம், அதுக்குள்ள பாய்க்குத் தெரியாம மாட்டி விட்டுருன்னு சொல்லிட்டுக் காலையிலயே வண்டிய எடுத்துட்டு வந்துட்டா நான் எப்பத்தான் மாட்டுறது? மனுசன் என்னைக்காவது அந்த லீவரப் போட்டு வண்டிய ஒடைச்சிருவாருன்னு வாங்குன வாரமே கழட்டச் சொன்னீங்களே, முன் சக்கரத்தச் சுத்துற ஷாஃப்ட்டு, இந்தா கெடக்கு!"