மழைக்குட்டையைப் பார்த்தே செத்த லோப்பாக்

கணினி விளையாட்டு ஆடும் அத்தனை பேரிலும், ஒரு எதிரியைக்கூடச் சுடாமல் அதிக முறை செத்தவன் எங்கள் லோப்பாக்தான். மலேசியாவில், சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டினால் போதும் என்கிற பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வாடகை வீட்டில் அவன், குணா, நான் என்று மூன்று பேர் குடியிருந்தோம். லோப்பாக் என்றால் மலாயில் சாலையில் தேங்கும் மழைக்குட்டை. வீட்டில் வைத்த பேரை அவனே மறந்திருப்பான்.

பேர் வந்த கதை எளிது. விளையாட்டில் எதிரிகள் துப்பாக்கியோடு ஓடிவருவார்கள். இவன் தரையில் தேங்கிய தண்ணீரைக் குனிந்து ரசித்துக்கொண்டிருப்பான்.

"டேய், பின்னால வர்றான்டா," என்பான் குணா.

"தெரியுது லா. தண்ணியில வர்றான் பாரு. சட்ட கலருகூட கரெக்டா விழுது."

சட்டைக் கலரைப் பாராட்டி முடிப்பதற்குள் ஆள் காலி.

அவனுக்குப் பித்து ரே டிரேசிங்கின் மேல். விளையாட்டுக்குள் இருக்கும் வெளிச்சம் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று, கணினியில் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு உட்கார்ந்து கணக்குப் போடும். நிழலும் பிம்பமும் நிஜம் போலவே விழும். ஆனால் கணக்கு கூடக் கூடக் கார்டுக்கு மூச்சு வாங்கும். சரசரவென்று ஓடிய விளையாட்டு, அதைப் போட்டதும் கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி ஆகிவிடும். லோப்பாக்குக்கு அந்த ஆல்பமே போதும்.

என் கணினியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் எதிரி என்னைச் சுட்டு, நான் செத்து, நாலு பேர் துக்கம் விசாரித்துப் போன பிறகுதான் எதிரியின் முகம் திரையில் வரும். ஆகவே என் கண்ணின் மேல் லோப்பாக்குக்கு நம்பிக்கை கிடையாது. ஒருநாள் பரீட்சை வைத்தான்.

"இப்ப ஆஃப். இப்ப ஆன். வித்தியாசம் தெரியுதா மச்சான்?"

"நல்லா தெரியுதே. அந்தச் செவுரு பளபளன்னு வந்துருச்சு."

"நான் இன்னும் ஒண்ணுமே அமுக்கல லா."

நடுவில் புது வசதி ஒன்று வந்தது. இரண்டு படங்களுக்கு இடையில் வரவேண்டிய படத்தைக் கார்டே ஊகித்துச் செருகிவிடும். ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். அதைப் போடச் சொல்லிக் குணா கெஞ்சினான். லோப்பாக் மசியவில்லை.

"நடுவுல வர்றதெல்லாம் மெஷின் குத்துமதிப்பா போடுறதுடா. குத்துமதிப்பா வெந்த கோழிய நீ திம்பியா?"

குணா சமைத்த கோழியை நாங்கள் தின்றுகொண்டிருந்த நேரம் அது.

சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் லோப்பாக் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். புதுக் கார்டு வாங்கிய அன்று பாலத்தில் கொட்டும் மழை. தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கார்டுக்குப் போர்த்தி, மோட்டார் சைக்கிளில் தெப்பலாக நனைந்து வந்தான். வாசலில் தேங்கிய தண்ணீரை ஒரு பார்வை பார்த்து, "பரவால்ல, ஒரிஜினலும் ஓரளவு நல்லாத்தான் இருக்கு," என்றான்.

அந்தக் கார்டு மின்சாரத்தை அண்டா அண்டாவாகக் குடித்தது. வீட்டு வயரிங்கோ எங்களைவிட மூத்தது. அறையைக் குளிரவைக்கும் ஏர்கோனும் கார்டும் சேர்ந்து ஓடினால் மொத்த வீடும் அணைந்துவிடும். எது ஓடவேண்டும் என்று தினமும் சண்டை, அவனுக்குத் திட்டு. தினமும் எங்களுக்குத்தான் வியர்த்தது.

அப்புறம்தான் கோலாலம்பூரில் விளையாட்டு தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு மனுப் போட்டான். விளையாட்டுக் காட்சிகளுக்கு வெளிச்சம் அமைக்கும் வேலை. அவனாகவே கற்றுக்கொண்டு, எங்கள் அடுப்படியைக் கணினிக்குள் கட்டி வைத்திருந்தான். சனிக்கிழமை மத்தியானம் அதை வீடியோ அழைப்பில் ஓடவிட்டுக் காட்டவேண்டும்.

"இது கெடைக்கலன்னா இனிமே எங்கயும் கேக்க மாட்டேன் லா. பேசாம பெட்டியே தூக்குறேன்," என்றான். அதை அவன் சிரிக்காமல் சொன்னான்.

சனிக்கிழமை மின்சாரப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஏர்கோன், ஃபிரிட்ஜ், காற்றாடி, சோற்றுப் பானை என்று கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் அணைத்தேன். குணா சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்துவிட்டான். கார்டு விமானம் கிளம்புவது போல் இரைந்தது. தியாகத்தின் பெருமிதத்தில் நான் நின்றபோது அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"அலமாக்... லைன் போச்சு. எவன்டா மோடத்த அணைச்சது?"

குணா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தேவையும் இல்லை. என் கை இன்னும் அந்தச் சுவிட்சின் மேலேயே இருந்தது.

மோடம் உயிர்பெறுவதற்குள் கோலாலம்பூரில் இருப்பவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். என் கைப்பேசியிலிருந்து இணையம் கொடுத்தோம். அதற்கு ஜன்னல் பக்கம்தான் லைன் கிடைக்கும். நாற்காலியில் ஏறி, கையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு ஆண்ட்டி நான் எதையோ திருடுகிறேனோ என்று பார்த்தார்.

திரையில் மறுபடி வந்த, அந்த நிறுவனத்தின் மேலாளர் அம்மாவும் தமிழ்தான். எங்கள் அடுப்படியை மெதுவாகச் சுற்றிப் பார்த்தவர், "அந்தச் சட்டி மூடியில என்ன அது, நீலமா?" என்று கேட்டார்.

"ஜன்னல்ல ஒரு சாரோங் காயுது மேடம். அதோட பிம்பம்."

"சாரோங்ல ஓட்ட இருக்கே, அதுவும் வேணும்னே செஞ்சதா?"

"அந்த ஓட்ட வழியாத்தான் மேடம் தரையில வெயில் விழுது. அது இல்லன்னா அது எங்க வீடு இல்ல."

சாரோங் என்று அவன் சொன்ன கைலி என்னுடையது. ஓட்டையும் என்னுடையதே. நாற்காலியில் நின்றபடி வெட்கப்பட்டேன். அந்த அம்மா திரையை நோக்கிக் குனிந்தார். பிறகு, "அந்த வெயில் கிட்ட போய்க் காட்டுங்க," என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. ஆளும் போய்விட்டான். எங்கள் வீட்டில் இப்போது ஏர்கோன் தடையில்லாமல் ஓடுகிறது. போன வாரம் ஆபீசிலிருந்து அழைத்தான்.

"இங்க மெஷின் வேற மாதிரி மச்சான். எல்லாத்தையும் ஆன் பண்ணாலும் அப்படியே வழுக்கிக்கிட்டு ஓடுது."

"அப்புறம் என்னடா உனக்கு?"

"ஒண்ணுமில்ல. இங்க யாருமே திட்ட மாட்றாங்க. வேலையே ஓடல லா."

ஆபீசில் கூட்டம் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டான். கூட்டம் முடியும் வரை பொறுத்திருந்து, திட்டுவதற்காகவே திரும்ப அழைத்தேன்.