ரயில்வே கேட்டில் இறங்கிவிட்ட கண்டக்டர்

எங்கள் சைக்கிள் சங்கத்தின் வாட்ஸப் குழுவைத் திறந்தால், எல்லாவற்றுக்கும் மேலே நிலையாக ஒரு செய்தி நிற்கும். சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றின் மாலையில் எழுதப்பட்டது. எழுதியவன் நான். அதன் வாசகம் இது:

"இரட்டைச் சைக்கிள் ஓட்டுவோர் கவனத்துக்கு. விதி ஒன்று: பின்னால் இருப்பவர் ஒரு முறை விசில் ஊதினால் நிற்க வேண்டும். விதி இரண்டு: இரண்டு முறை ஊதினால் கிளம்ப வேண்டும். விதி மூன்று: முன்னால் இருப்பவர் எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது."

அதன் கீழே, அதே ஆண்டு ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறன்று சங்கத் தலைவர் வெள்ளியங்கிரி அண்ணன் சேர்த்த நான்காம் விதியும் இருக்கிறது: "முக்கியமான சங்கதி பேசறதுன்னா வண்டிய நிறுத்திப் போட்டுப் பேசவும்."

மூன்றாம் விதியிலிருந்து நான்காம் விதிக்கு நாங்கள் வந்து சேர்ந்த வழியில்தான் என் மானம் போனது.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள் அது. மில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் வெள்ளியங்கிரி அண்ணன், அண்ணியோடு ஊர் சுற்றலாம் என்று ஆசையாக வாங்கினார். அண்ணி ஒரே ஒரு முறை ஏறினார். அவர் சரியாக உட்காருவதற்குள் அண்ணன் கிளம்பிவிட்டதில் வண்டி ஒரு பக்கமும் அண்ணி ஒரு பக்கமுமாகக் கிடந்தார்கள். "இனி உங்க முதுகப் பாத்துட்டு நான் ஒரு எடத்துக்கும் வர மாட்டேனுங்க" என்று அண்ணி சொல்லிவிட, வண்டி சங்கத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த விபத்துக்குப் பிறகு நான் உட்கார்ந்து யோசித்து எழுதியவைதான் மேற்படி விதிகள். டவுன் பஸ்ஸிலிருந்து எடுத்த யோசனை. அதனால் முன்னால் இருப்பவர் டிரைவர், பின்னால் இருப்பவர் கண்டக்டர் என்றானது. கண்டக்டரின் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். டிரைவர் திரும்பிப் பார்த்தால் வண்டி பாம்பாக நெளிகிறது என்பதால் மூன்றாம் விதி. (எனக்கு நானே தோண்டிக்கொண்ட குழிக்கு இவ்வளவு அழகாக எண் போட்டவன் நானாகத்தான் இருப்பேன்.)

என் கண்டக்டர் தாரணி. பொள்ளாச்சிப் பெண், பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நானும் பீளமேடுதான், மோட்டார் பம்பு செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். அவள் அதிகம் பேச மாட்டாள். நான் நிறுத்த மாட்டேன். எனக்கு முன்னுரை என்றொரு வியாதி உண்டு. யாராவது மணி கேட்டால், நிழலை வைத்து நேரம் பார்த்த காலத்திலிருந்து தொடங்கி, கேட்டவருக்கு பஸ் போன பிறகு மணியைச் சொல்வேன்.

ஆனியில் ஒரு நாள் வேலை முடிந்து டீக்கடையில் நின்றபோது தாரணி சொன்னாள்: "வர்ற புதன்கெழம ஈரோட்டுல இருந்து பொண்ணு பாக்க வாராங்க. மாப்பிள்ள பல் டாக்டருங்களாமா."

"ஓ" என்றேன்.

"எனக்கு இஷ்டமில்லைங்க. ஆனா வேண்டாம்னு சொன்னா ஊட்டுல ஒரு காரணம் கேப்பாங்கல்லங்க?"

டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள். இதற்கு மேல் ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? எங்கள் தொழிற்சாலை பம்புக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது. புரிந்த பதற்றத்தில், வேப்பங்குச்சியிலிருந்து பிரஷ்ஷுக்கு மனிதகுலம் வந்து சேர்ந்த வரலாற்றை அவளுக்குச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "அப்படீங்களா" என்றாள். கொங்கு நாட்டில் ஒருவனை இதைவிட மரியாதையாகத் திட்ட முடியாது.

ஆக, எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று சங்கம் பொள்ளாச்சியில் கூடி, உடுமலைப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே போவதாக இருந்தது. வெள்ளியங்கிரி அண்ணனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். (மறுநாளே சங்கம் முழுவதற்கும் தெரிந்திருந்தது.)

"நாங்க எல்லாரும் முன்னால போயி டீக்கடைல நிக்கறோம். நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்க. வழியில நேரா சங்கதிக்கு வந்துரு கண்ணு" என்றார் அண்ணன்.

"வந்தர்றனுங்கண்ணா. சின்னதா ஒரு முன்னுரை மட்டும்…"

"முன்னுரையா? நீ முன்னுரைய முடிக்கறதுக்குள்ள அந்தப் பல் டாக்டரு மொய் எண்ண உக்காந்துருவாரு, பாத்துக்க."

அந்தக் காலையை இப்போது நினைத்தாலும், நான் முழுதாக விழித்திருந்தேனா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆனிக் காற்று பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து எங்கள் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. தென்னந்தோப்புகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தன. வெயில் இருந்தது, சாரலும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பொருட்படுத்தவில்லை. மேகங்களின் நிழல்கள் சாலையில் எங்களை முந்திப்போய், சோளக்காட்டில் இறங்கி, தூரத்தில் காற்றாலைகளின் மேல் ஏறி மறைந்தன. அந்த வெள்ளை இறக்கைகள் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. மிதிக்கிறோமா மிதக்கிறோமா என்று தெரியாத ஒரு வேகம். இந்தச் சாலை முடியவே கூடாது என்றும், முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ரயில்வே கேட் மூடியது.

இனி நடந்ததில் பாதியை நான் பிறகு விசாரித்துத்தான் அறிந்தேன். கேட்டில் ஒரு அம்மா கூடையில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. "இருங்க, வெள்ளரிப்பிஞ்சு வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு தாரணி இறங்கியிருக்கிறாள். நான் "ம்" என்றேனாம். எனக்கு நினைவில்லை. கால் தரையில் இருந்தாலும் நான் முன்னுரையின் இரண்டாம் பத்தியில் இருந்தேன். ரயில் போனது. அது போன பிறகும் தண்டவாளம் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தது. கேட் உயர்ந்தது. காற்று வாங்க இறங்கிய பயணிகளை ஏற்றிக்கொண்ட பஸ் கண்டக்டர், வழக்கம்போல இரண்டு விசில் ஊதினார்.

விதி இரண்டு. நான் கிளம்பினேன்.

தாரணி அதைப் பார்த்திருக்கிறாள். கழுத்தில் விசில் இருந்தது. வாயில் வெள்ளரிப்பிஞ்சும் இருந்தது. மென்று முடிப்பதற்குள் நான் வெகுதூரம் போய்விட்டேனாம்.

வண்டி சட்டென்று லேசானதை நான் உணராமலில்லை. உணர்ந்தேன். காற்று வேகம் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு, காதல் வந்தால் உடம்பு கனம் குறையும் போலிருக்கிறது என்றும் நினைத்தேன். (தரம் பார்ப்பவன்! சம்பளம் வாங்குகிறவன்!)

"ஏனுங்க தாரணி" என்று ஆரம்பித்தேன். "இந்தக் காத்து எங்க பொறந்து வருதுன்னு தெரியுங்களா?"

பின்னாலிருந்து பதில் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று மனம் குளிர்ந்தது. அரபிக்கடலில் தொடங்கினேன். காற்றுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிடாததையும், பாலக்காட்டில் மட்டும் மலைக்கு மனம் இளகியதையும் சொன்னேன். அந்த இடைவெளி வழியாக மழை வந்தது, வியாபாரிகள் வந்தார்கள், பிறகு காற்றாலை வந்தது. ஒரு கையை விட்டுவிட்டு, வந்த ஒவ்வொன்றையும் அபிநயம் பிடித்துக் காட்டினேன். பின்னால் ஹாரன் கேட்டபோது மரியாதையாக ஓரம் ஒதுங்கினேன், பேச்சை நிறுத்தவில்லை. எதிரே மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் என்னையும் எனக்குப் பின்னாலும் பார்த்துவிட்டு, கடந்து போன பிறகும் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஜோடிப் பொருத்தம் அப்படி என்று எடுத்துக்கொண்டேன்.

எப்போதும் அடுத்தவர் குறுக்கிட்டுத்தான் என் பேச்சு முடியும். அன்று குறுக்கிட யாருமில்லாததால் முன்னுரை முதன்முறையாகத் தன் இயல்பான முடிவை எட்டியது. அதற்கு அப்பால் வெறும் சாலைதான் இருந்தது. மேக நிழல் ஒன்று என்மேல் ஏறி நின்றது. சாரல் நின்றிருந்தது. நான் சொன்னேன்:

"அந்த மலையாட்ட நானும் வழி உடாம நின்னுட்டிருந்தனுங்க. இப்பச் சொல்லிப் போடறேன். புதன்கெழம ஊட்டுல சொல்றதுக்கு ஒரு காரணம் வேணும்னீங்கல்ல? நானே அந்தக் காரணமா இருந்தர்றனுங்க. சரின்னா ரெண்டு விசில் ஊதுங்க. வேண்டாம்னா ஒண்ணு போதும். நான் திரும்பிப் பாக்க மாட்டேனுங்க."

மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். காற்று தானாகவே வண்டியைக் கொண்டுபோனது. சக்கரம் சுற்றுகிற சத்தம் மட்டும்.

பின்னால் விசில் கேட்டது.

ஒன்று.

இரண்டாவதுக்காக, அந்த நேரத்துக்கு ஒரு மனிதனால் முடிந்த அளவு காத்திருந்தேன். வரவில்லை. விதி ஒன்றின்படி பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி நின்றேன். காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. முன்னால் பார்த்தபடியே சொன்னேன்: "பரவால்லீங்க தாரணி. பல் டாக்டருங்க பொதுவா பொறுமசாலிங்க. உங்கள நல்லா வெச்சுக்குவாரு."

அப்போது எனக்குப் பக்கத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர், வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க டிரைவரே! கண்டக்டர உட்டுப் போட்டு வண்டிய எடுத்தா எப்படீங்க?"

மூன்றாம் விதியை மீறித் திரும்பிப் பார்த்தேன். பின் இருக்கை காலியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பஸ்ஸின் படியில் தாரணி, ஒரு கையில் வெள்ளரிப்பிஞ்சுப் பொட்டலமும் மறு கையில் மகளிர் இலவசப் பயணச் சீட்டுமாக இறங்கிக்கொண்டிருந்தாள். அவளை இறக்கிவிடத்தான் அந்த ஒற்றை விசில். கேட்டில் அவளை ஏற்றிக்கொண்ட பஸ், என் அபிநயத்தை வேடிக்கை பார்த்தபடி மெதுவாகவே பின்னால் வந்திருக்கிறது.

ஜன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள். பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "அப்ப அந்தத் தம்பி இத்தன நேரம் ஆருகூடப் பேசிட்டுப் போச்சு?"

"பாவம், உடு" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். "நல்ல குடும்பத்துப் பையனாட்ட இருக்குது."

பஸ் கிளம்பிப் போனது. சாலை மறுபடி அமைதியானது.

"என்னமோ பேசிட்டே வந்தீங்களாட்ட இருக்குது?" என்றாள் தாரணி.

"ஆமாங்க."

"எதப் பத்திங்க?"

"காத்தப் பத்திங்க."

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க."

ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. தொண்ட காஞ்சிருக்கும்."

மறுபடி கிளம்பினோம். வண்டி கனத்தது. அந்தக் கனம் எவ்வளவு நல்ல கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னொரு முறை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். முன்னுரை இல்லாமல் எனக்குப் பேச வராது, முன்னுரையோ தீர்ந்துவிட்டது. அரபிக்கடலுக்கு மறுபடி போய்வரத் தெம்பில்லை. காற்று தள்ள, நிழல்கள் முந்த, பேசாமல் மிதித்தேன். தூரத்தில் டீக்கடையின் ஓலைச் சாய்ப்பு தெரிந்தது. அதை எட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது, பிறகு புதன்கிழமைதான்.

அப்போது பின்னாலிருந்து விசில் கேட்டது. ஒன்று. உடனே இன்னொன்று.

நின்றிருக்கிற வண்டிக்கு இரட்டை விசில் ஊதினால் கிளம்பு என்று பொருள். ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு எதற்கு? நான் ஏறக்குறைய வாய்க்காலில் விட்டிருப்பேன். திரும்பிப் பார்க்கவில்லை. விதி ஒரு சாக்கு, உண்மையில் பயம்.

டீக்கடையில் சங்கமே, நல்ல சேதிக்கு வாய் இனிக்க ஒப்புட்டுப் பொட்டலத்தோடு காத்திருந்தது. அண்ணன் புருவத்தை உயர்த்திக் கேட்டார். நான் உதட்டைப் பிதுக்கினேன். ஒப்புட்டு மெதுவாகப் பைக்குள் திரும்பியது. தாரணி யாரையும் கவனிக்காமல் சற்றுத் தள்ளிப் போய் வீட்டுக்கு போன் போட்டாள். காற்று எங்கள் பக்கமாக வீசியதால் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, புதன்கெழம அவங்கள வர வேண்டாம்னு சொல்லீருங்க… காரணமா? கெடச்சுப் போச்சுங்கம்மா."

ஒப்புட்டு மறுபடி வெளியே வந்தது. நடந்ததை எல்லாம் என் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, சிரித்து அடங்கிய பிறகு, அண்ணன் அங்கேயே உட்கார்ந்து நான்காம் விதியை எழுதினார்.

அந்தப் பயணச் சீட்டு எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. நான்காம் விதியை விட்டால் அந்த நாளுக்கு என்னிடம் உள்ள ஒரே ஆவணம். அதில் தேதி இல்லை என்பது எனக்கு மட்டும் உறுத்துகிறது. மாமியார் வீட்டு விருந்தில் நான் எதையாவது நீட்டி முழக்க ஆரம்பித்தால், மைத்துனன் எழுந்து போய் என் எதிரே காலி நாற்காலி ஒன்றைப் போடுவான். இப்போதுதான் பேசப் பழகியிருக்கும் எங்கள் மகள்கூட, நான் கதை சொல்லத் தொடங்கினால், "ஆளு இருக்கா, பாருப்பா" என்கிறாள்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. இரண்டு விசில் என்றால் சம்மதம் என்று நான் சொன்னபோது தாரணி பஸ்ஸில் இருந்தாள். பஸ் எனக்கு மேற்கே இருந்தது. காற்று என் சொற்களை உடுமலைப் பக்கம் கொண்டுபோயிருக்க வேண்டும். போனில் பேசியது சம்மதத்துக்குச் சான்று, விசிலுக்குச் சான்றாகாது. பிற்பாடு அதே பஸ்ஸில் ஏறி அந்தக் கண்டக்டரை விசாரித்தேன். "சன்னலோரந்தாங்க உக்காந்திருந்தாங்க. கேட்டுச்சா கேக்கலியான்னு எனக்கெப்படீங்க தெரியும்? ஆனா சிரிச்சுட்டிருந்தாங்க" என்றார். ஊரே சிரித்துக்கொண்டிருந்த நேரம் அது. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரையை முடிக்கும் முன் தாரணியிடமே காட்டி, உனக்கு அன்று கேட்டதா என்று மறுபடி கேட்டேன். முழுவதும் படித்தாள். "அப்படீங்களா" என்றாள். ஆகவே, அந்த இரட்டை விசில் என் கேள்விக்கு வந்த பதிலா, இல்லை பசியில் சீக்கிரம் மிதிக்கச் சொன்னதா என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.